கதவு திறக்காத நான்கு நிறுத்தங்கள்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் முடிந்துவிட்டது. போன மாதம் ராயபுரம் மணிக்கூண்டுப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பழைய டிப்போவில் இப்போது கண்டக்டராக இருக்கும் குமார் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒரு சந்தேகம். இலவசப் பயணச் சீட்டுக்கு மெஷினில் பெண்களுக்கு ஒரு பட்டன், திருநங்கைகளுக்கு ஒரு பட்டன் இருக்கிறது. ஏறுகிறவர் முகத்தைப் பார்த்து எதை அமுக்குவது, தப்பாக அமுக்கிவிட்டால் செக்கிங்கில் மாட்டுவோமா என்று கேட்டார். அவங்களையே மெதுவாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் என்னை உறுத்தியது. அவர் கேட்டது பட்டனைப் பற்றித்தான். ஆனால் அந்தப் பட்டனை எந்தக் கண்டக்டரும் தனியாக அமுக்குவதில்லை. பஸ்ஸில் இருக்கும் அறுபது பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் அந்தோணிசாமி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பத்தாவது முடித்து, கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து, சில வருடங்கள் அங்கே இங்கே அலைந்த பிறகு வேலை கிடைத்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். ஒரு விசில் அடித்தால் நிற்க, இரண்டு விசில் அடித்தால் போக. ஒவ்வொரு ஸ்டேஜிலும் இன்வாய்ஸ் என்கிற கணக்குத் தாளில் டிக்கெட் எண்ணை எழுதி மூடு. படியில் யாரையும் தொங்க விடாதே. பயணிகளுக்குள் தகராறு வந்தால் தலையிடாதே, இரண்டு பேரில் ஒருவரை இறக்கிவிடு. இந்தக் கடைசிப் பாடத்தை நடத்திய பயிற்சியாளர் அதை மூன்று தடவை சொன்னார். யாரை இறக்கிவிடுவது என்று அவர் சொல்லவில்லை. எங்களில் யாரும் கேட்கவுமில்லை.

அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். கல்மண்டபம் தாண்டி ஒரு மத்தியான டிரிப். ஒரு திருநங்கை பஸ்ஸின் நடுவில் நின்றிருந்தார். பெயர் தெரியாது. இரண்டு ஆட்கள் அவரைச் சீண்டிக்கொண்டே வந்தார்கள். அவர் சத்தம் போட்டுத் திட்டினார். உடனே பஸ்ஸில் எல்லோரும் அவரைத்தான் முறைத்தார்கள். நான் விசில் அடித்து நிறுத்தி, இறங்கிடும்மா, பேஜாரு வேணாம் என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் இறங்கினார். அவர் காலைத் தரையில் வைத்ததும் அந்த இருவரும் பின்பக்கப் படியிலிருந்து குதித்தார்கள். நான் இரண்டு விசில் அடித்தேன். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவே அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். பஸ் வளைவில் திரும்பிவிட்டது. அடுத்த ஒரு வாரம் மாலைப் பேப்பரை வாங்கி, கடைசிப் பக்கம் வரைக்கும் பயந்து பயந்து படித்தேன். ஒரு செய்தியும் இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரேவதி என்ற திருநங்கையைத் தெரிந்தது வெகு காலத்துக்குப் பிறகு. எனக்கு ஓய்வுக்கு இரண்டு மூன்று வருடம் மிச்சமிருந்தது. எர்ணாவூரிலிருந்து பாரிமுனை போகும் எங்கள் காலை வண்டியில் எட்டு மணி சுமாருக்கு ஏறுவாள். முப்பது வயது இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிற வேலை. சுடிதார், தோளில் ஒரு துணிப்பை, கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணையும் போலத்தான் இருப்பாள். ஆனால் அவள் உட்கார்ந்த சீட்டில் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாகவே வரும். படிவரை கூட்டம் நெரிகிற நாளிலும் அந்த இடத்தில் பெண்கள் உட்கார மாட்டார்கள். ஆண்கள் யாராவது வந்து உட்கார்ந்தால் அது உட்காருவதற்காக இருக்காது.

இலவசச் சீட்டு வந்த புதிதில் விதிப்படி அவளுக்கு 'திருநங்கை' என்று அச்சான சீட்டைக் கொடுத்தேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, இறங்கும்போது என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "கண்டக்டர் அண்ணே, லேடீஸ் சீட்டே குடுத்துடுங்களேன். இத்த கைல வெச்சிகினு குந்தினா பக்கத்துல கீறவன் படிச்சிடறான்." அதன் பிறகு நான் பெண்கள் பட்டனைத்தான் அமுக்கினேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் மட்டும் அவள் சீட்டுப் பக்கம் பார்க்காமல் இருப்பேன். அவ்வளவுதான்.

சீட்டை மாற்றியதால் பெரிதாக எதுவும் மாறவில்லை. தேரடியில் நான்கு பேர் ஏறுவார்கள். ஏதோ ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நாலு பேரில் தினா என்பவன்தான் பேசுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஏறியதும் என்னிடம் ஒன்பது ரூபாய் டிக்கெட் கேட்பான். அப்படி ஒரு டிக்கெட் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். அந்த எண் யாரைக் குறிக்கும் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். உரக்கக் கேட்பான். ரேவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். முதல் நாள் அவன் கேட்டபோது நானும் லேசாகச் சிரித்துவிட்டேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது வாய் தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

டிக்கெட் கேட்பதோடு நிற்கவில்லை. ஒரு நாள் அவள் துப்பட்டா நுனியை ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தார்கள்; இறங்க எழுந்தபோது கழுத்தை இறுக்கியது. இன்னொரு நாள் ஒருவன் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே வந்தான். நான் அவர்களிடம் தள்ளி நில்லுங்க தம்பி என்று சொல்வேன். அவர்கள் தள்ளி நிற்பார்கள், இரண்டு நிமிடத்துக்கு. டிரைவர் ஜாபர் பாய் என் கூட ஒன்பது வருடமாக ஓட்டியவர், தண்டையார்பேட்டைக்காரர். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு நாள் டிப்போவில் என்னிடம் கேட்டார், இது எங்கே போய் முடியும் அந்தோணி என்று. எனக்கும் அதே பயம்தான். வேறு வண்டியில் வரக்கூடாதா என்று அவளிடமே கேட்டுப் பார்த்தேன். இதே தொல்லையால் முந்தின வண்டியை விட்டுத்தான் இதற்கு வந்ததாகச் சொன்னாள்.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல கூட்டம். காசிமேட்டுக்குப் போகிற மீன்கார அம்மாக்கள் மூன்று பேர் முன்பக்கம். தேரடியில் நால்வரும் ஏறி நேராக ரேவதியின் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றார்கள். நான் பின்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். தினா குரல் கேட்டது, இது விக்கா நெசமா பாக்கலாம் என்று. அதன் பிறகு ஒரு சத்தம். மனிதர் அலறுகிற சத்தம் அல்ல. மண்டை இரும்புக் கம்பியில் மோதுகிற சத்தம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் பின்னலை இழுத்துச் சுழற்றியிருக்கிறான். தலையில் ஒரு பக்கம் முடி கொத்தாகப் பிய்ந்து, ரத்தம் காது வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. பிய்ந்த முடி அவன் கையில் இருந்தது. அவள் டிபன் பாக்ஸால் அவன் முகத்தில் அடித்திருந்தாள். அவன் மூக்கிலும் ரத்தம். சாம்பார் சாதம் சீட்டெல்லாம் சிதறிக் கிடந்தது. இன்னொருவன் அப்போதும் செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் இருந்தவர்கள் முதலில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கத்தினார்கள். யாரை நோக்கிக் கத்தினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அவளை நோக்கி. அடிக்குது பாரு, இத்த இறக்கி வுடுய்யா, வேலைக்குப் போவ வேணாமா என்று. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர், நான் பல வருடமாகப் பார்க்கிறவர், என் தோளைத் தட்டி விசில் அடிக்கச் சொன்னார். விசில் என் வாயில்தான் இருந்தது.

நால்வரில் ஒருவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். சுங்கச்சாவடி ஸ்டாப்பாண்ட நில்லுங்கடா, இறங்குவா என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரேவதிக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் இரண்டு கையாலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெளுத்திருந்தன. என்னைப் பார்த்து அவள் உதவி கேட்கவில்லை. நான் இறக்கிவிடப் போகிறேன் என்றுதான் அந்தப் பார்வை சொன்னது. அந்தப் பார்வையை நான் முன்பே ஒரு தடவை வாங்கியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. பஸ்ஸில் நகை திருட்டோ பிக்பாக்கெட்டோ நடந்தால், யாரையும் இறக்காமல் வண்டியை நேராக அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கு விடலாம். என் வேலைக் காலத்தில் மூன்று தடவை அப்படிச் செய்திருக்கிறேன். மூன்றும் தங்கச் சங்கிலிக்காக. ஒரு ஆளுக்காகச் செய்யலாமா என்று விதியில் எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. முன்பக்கம் போய் ஜாபர் பாய் காதருகே சொன்னேன். "பாய், கதவத் தொறக்காதீங்க. நேரா ஸ்டேஷனுக்கு வுடுங்க."

அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். கதவு சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஸ்டேஷனுக்கு நடுவே நான்கு நிறுத்தங்கள். தூரம் அதிகமில்லை, சாதாரண நாளில் அதை நான் கவனிக்கவே மாட்டேன். முதல் நிறுத்தத்தில் நிற்காமல் போனபோது உள்ளே இருந்தவர்கள் மறந்துவிட்டதாக நினைத்து டிரைவரைக் கூப்பிட்டார்கள். காலடிப்பேட்டையைத் தாண்டியபோது புரிந்துவிட்டது. ஆட்கள் கதவைத் தட்டினார்கள். ஒரு பெண் பரீட்சைக்குப் போகணும் என்று அழுதாள். அந்தப் பெண்ணின் அழுகை இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மூன்றாவது நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு டிரெய்லர் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்ததால் வண்டி நின்றுவிட்டது. அந்த இரண்டு நிமிடம்தான் மிக மோசம்.

தினா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். சத்தம் போடவில்லை. அவன் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இன்னா நைனா, ரிடேர் ஆவ எத்தினி நாளு கீது? வூடு ராயபுரம்தான? சர்ச்சாண்ட மாடி வூடு. உம் பொண்டாட்டி துணி காயப் போடறத நாங்க பாத்துகினுதான கீறோம்."

அவன் சொன்னது எல்லாம் சரி. எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. தலைக்கு மேலிருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஆடுவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன், அப்புறம்தான் பஸ் நின்றுகொண்டிருக்கிறது என்பது உறைத்தது.

மற்ற மூவரும் ரேவதி பக்கம் நகர்ந்தார்கள். மீன்கார அம்மாக்களில் ஒருவர் எழுந்தார். தன் பெரிய அலுமினிய அன்னக்கூடையை சீட்டுகளுக்கு நடுவே உள்ள வழியை அடைத்து வைத்து, அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். கனமான பொம்பளை. அந்தக் குறுகிய வழியில் அவரைத் தாண்டிப் போக முடியாது. டிரெய்லர் விலகியது. ஜாபர் பாய் வண்டியை எடுத்தார்.

சுங்கச்சாவடி நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் பைக்கோடு நின்றிருந்தார்கள். வண்டி நிற்காமல் போனதும் ஓடி வந்து பக்கவாட்டுத் தகரத்தை அடித்தார்கள். ஒரு கல் பின் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி உடையவில்லை, விரிசல் விட்டது. நான் ரேவதியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் கதவைத் திறந்ததும் நால்வரில் பின்பக்கம் இருந்த இருவர் கூட்டத்தோடு கலந்து ஓடிவிட்டார்கள். தினாவையும் செல்போனில் படம் பிடித்தவனையும் வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் பிடித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, பார்த்தவர்கள் யார் யார் என்று கேட்டார். அறுபது பேரில் ஒருவரும் முன்னால் வரவில்லை. பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி என்னைத்தான் நெருக்கினார்கள். அந்த மீன்கார அம்மாகூட, எனக்கு யாவாரம் கீதுப்பா என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவரும் நாளைக்கு இதே ரோட்டில்தான் வர வேண்டும்.

உள்ளே ரேவதியை நிற்க வைத்துக் கேட்டார்கள். தலையில் என்ன என்றதற்கு அவள் விழுந்துவிட்டேன் என்றாள். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. எழுதுகிறவர் விழுந்ததாகவே எழுத ஆரம்பித்துவிட்டார். ஜாபர் பாய்தான், சார் நான் கண்ணாடில பாத்தேன், தலமுடியப் புடிச்சி கம்பில அடிச்சான் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு நானும் சொன்னேன். பிறகுதான் அவளும் சொன்னாள். தேரடியில் ஆரம்பித்து ஆறு மாதத்துக் கதையைச் சொன்னாள். பெயர், அப்பா பெயர், வயது வரை சரியாகப் போனது. ஆணா பெண்ணா என்ற இடத்தில் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, அதில் உள்ளதை அப்படியே எழுது என்றார். அவ்வளவில் முடிந்தது. ஆனால் அந்த அரை நிமிடம் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் எனக்கு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் தடம் மாறியது, டிரிப் ரத்தானது, பயணிகளின் புகார், கண்ணாடிச் சேதம். கிளை மேலாளர் அழைத்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் டிப்போவில் மேலாளர்கள் என்றாலே கத்துகிறவர்கள். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சாதாரணமாக நாங்கள் அவர் மேசைக்கு முன் நின்றுதான் பேசுவோம். யாரையாவது உட்காரச் சொன்னார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். என்னை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். நான் குடித்து முடிப்பதற்குள், நான் எழுதிக் கொண்டுபோன இரண்டு பக்க விளக்கத்தைப் படித்தார். பேனாவைத் தொடவில்லை. ஒரு சின்னப் பென்சிலை எடுத்தார். பின்னால் ரப்பர் வைத்தது. என் எழுத்தின் மேல் மிக மெல்லிசாகக் கோடு போட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதினார். 'நான்கு பேர்' என்ற இடத்தில் 'சில பயணிகள்'. 'முடியைப் பிடித்து இழுத்து அடித்தார்கள்' என்ற இடத்தில் 'வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பு'. 'திருநங்கைப் பயணி' என்ற இடத்தில் 'ஒரு பயணி'.

பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "அந்தோணிசாமி, இது தலைமை அலுவலகத்துக்குப் போகும். இப்படி இருந்தா எச்சரிக்கையோட முடிச்சிடுவேன். நீங்க எழுதினபடி போனா விசாரணை வரும். உங்களுக்கு எத்தனை மாசம் இருக்கு?"

பதினாலு மாதம் என்றேன்.

"சஸ்பென்ஷன்ல ரிடையர் ஆகிறவங்களை நான் பார்த்திருக்கேன். வீட்டுக்குப் போய் நிதானமா எழுதிட்டு வாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே என்னைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார். அதனால்தான் அதை மறுப்பது கஷ்டமாக இருந்தது.

அந்த நாட்களில் எங்கள் தெரு முனையில் ஒரு பைக் நிற்க ஆரம்பித்தது. காலையில் நான் டூட்டிக்குக் கிளம்பும்போது இருவர் அதில் உட்கார்ந்திருப்பார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். எதுவும் செய்ய மாட்டார்கள். என் மனைவி மேரி கடைக்குப் போனபோது, ஒருவன் கண்டக்டர் வூடு இதுதான என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதன் பிறகு அவள் மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போகவில்லை. ஈரத் துணியை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிப் போட்டாள். ரேவதி யார், என்ன நடந்தது என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். என்னைத் தடுக்கவுமில்லை, தூண்டவுமில்லை. ஈரத் துணிக்கு அடியில் குனிந்து குனிந்து நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் நடமாடினோம்.

மூன்றாம் நாள், பென்சிலில் எழுதியிருந்ததை அப்படியே என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு முடிந்தது. கொஞ்ச நாளில் பைக்கும் வரவில்லை. அந்தக் கடிதத்துக்கும் பைக்குக்கும் தொடர்பு உண்டா என்று தெரியாது. ஆனால் அன்று எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து ரேவதி மறுபடி வண்டியில் ஏறினாள். தலையை முழுவதும் துப்பட்டாவால் மூடியிருந்தாள். முன்பு கண்டக்டர் அண்ணே என்பவள் இப்போது அண்ணே என்று மட்டும் சொன்னாள். தினாவும் அவன் கூட்டமும் எங்கள் வண்டியில் வரவில்லை. ஜாமீனில் வெளியே இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது அவளும் நானும் ஒரே சமயத்தில் படியைப் பார்ப்போம். தினமும் அவளிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பதினாலு மாதமும் சொல்லவில்லை. கடைசி நாள் டூட்டியில் டிப்போவில் மாலை போட்டார்கள். எனக்கு அதில் மனம் செல்லவில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. ஜாபர் பாய்க்குக் கண் ஆபரேஷன் ஆகி, அவர் வேறு ஒரு நாளில் சாட்சி சொல்லிவிட்டிருந்தார். அன்று நான் மட்டும். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரு நகலைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்றார். என் விளக்கக் கடிதம். 'சில பயணிகள்', 'கைகலப்பு', 'ஒரு பயணி'. வரி வரியாக உரக்கப் படித்தார். ரேவதி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீதிபதி ஒரு பெண்மணி. அவரே என்னைக் கேட்டார், இரண்டில் எது உண்மை என்று.

"இப்ப சொன்னதுதாம்மா உண்மை. அத்த பயந்துகினு எழுதினேன்" என்றேன். யாருக்குப் பயந்து என்று கேட்டார். வேலைக்கு, அப்புறம் அவங்களுக்கு என்று கையைக் காட்டினேன். கை தூக்கியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தினா என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தீர்ப்பு பல மாதம் கழித்து வந்தது. தினாவுக்குத் தண்டனை, அவன் மேல்முறையீடு செய்துவிட்டு வெளியே இருக்கிறான். செல்போனில் படம் பிடித்தவனுக்கு விடுதலை. அவனை அடையாளம் சொன்ன சாட்சி முன்பு 'சில பயணிகள்' என்று எழுதியிருக்கிறார், சந்தேகத்தின் பலனை அளிக்கிறேன் என்று தீர்ப்பில் இருந்ததாக வக்கீல் சொன்னார். அந்தச் சாட்சி நான்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது சாட்சி சொன்ன அன்று, வெளியே வந்த பிறகு நடந்ததை. மணி மூன்று இருக்கும். நல்ல வெயில். கோர்ட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் நானும் ரேவதியும் நின்றோம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தினாவும் இன்னும் ஐந்து பேரும் ஒரு கடை நிழலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு ஜனம் போகிற ரோடு, பட்டப்பகல், அரை பர்லாங்கில் போலீஸ். இருந்தும் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நான் முதல் தடவையாக ஒரு பயணியாக நின்று பயந்துகொண்டிருந்தேன்.

கடிதத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ரேவதி கையால் நிறுத்தினாள்.

"கோவந்தான் அண்ணே. அத்த அப்பால பேசிக்கலாம். மொதல்ல பஸ் ஏறணும்." பிறகு மெல்லச் சொன்னாள். "அவனுங்கள பாக்காதீங்க. கீழயும் பாக்காதீங்க, பயந்துட்டாங்கன்னு தெரிஞ்சிடும். பஸ்ஸு வர்ற பக்கம் பாருங்க."

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன். கழுத்து தானாக எதிர்ப்பக்கம் திரும்பப் பார்த்தது, பிடித்து வைத்துக்கொண்டேன். ஒரு பஸ் வந்தது. ஏறினோம். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் ரோட்டைத் தாண்டி ஓடி வந்து பின்படியில் ஏறியதை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தாள். சீட் காலியாக இருந்தும் உட்காரவில்லை, என்னையும் உட்கார விடவில்லை. முன்கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அடுத்த நிறுத்தம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் அசையவில்லை. அதற்கடுத்த நிறுத்தத்திலும் எல்லோரும் ஏறி முடிக்கும் வரை அப்படியே நின்றாள். இரண்டு விசில் கேட்டு, கதவு மூட ஆரம்பித்த அந்த நொடியில் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குதித்தாள். கதவு எங்கள் முதுகுக்குப் பின்னால் மூடியது. உள்ளே அந்த இருவர் முன்பக்கம் ஓடி வந்து கண்ணாடியில் கையால் அடித்ததும், பஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனதும் தெரிந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். இது நாம் இறங்க வேண்டிய இடம் இல்லையே என்றேன்.

"ஆமாண்ணே. டெய்லி இப்டித்தான் ரெண்டு மூணு எடத்துல இறங்கி ஏறணும்" என்றாள்.

பிறகு அடுத்த பஸ் வரும் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.